முதுகுவலி: எங்கே வலிக்கிறது என்பதோடு எப்போது வலிக்கிறது என்பதையும் எழுதுங்கள்

அடிவாரத்து ஆசிரியர்:

அனைவருக்கும் வணக்கம். நான் ஏற்காடு அடிவாரத்தில் வசிப்பவன். அரசு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழியில் என் மனைவிக்கு முதுகுவலி தொடங்கியது. அதன் காரணம் தெரியவர ஏழு மாதங்கள் ஆயின. அந்த ஏழு மாதங்களில் நாங்கள் கவனிக்கத் தவறியவற்றை எழுதிவைத்தால் வேறொரு குடும்பத்துக்கு உதவும் என்று கருதியே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

வலி இடுப்பில் இல்லை. தோள்பட்டை எலும்புகளுக்குக் கீழே, நடுமுதுகில் இருந்தது. வாயுப் பிடிப்பு என்று எண்ணிப் பூண்டும் பெருங்காயமும் கொடுத்துப் பார்த்தோம். பிறகு ஒரு மருத்துவமனையில் தசைவலி என்று சொல்லி மாத்திரையும் தைலமும் கொடுத்தார்கள். மாத்திரை உண்ட நாளில் தணியும், விட்டால் திரும்பும். எங்கே வலிக்கிறது என்று ஒவ்வொரு முறையும் கேட்டார்கள். அவரும் கையைப் பின்னால் கொண்டுபோய் அதே இடத்தைத் தொட்டுக் காட்டினார். படுத்தாலும் வலி தணியவில்லை என்பதையும், இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிடுகிறார் என்பதையும், மாலையானால் உடம்பு இலேசாகச் சுடுகிறது என்பதையும், ரவிக்கைகள் எல்லாம் தளர்ந்துவிட்டன என்பதையும் நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. அவையெல்லாம் முதுகுவலியைச் சேர்ந்தவை என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

ஒரு சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிடும்போது, முதுகுத்தண்டின் நடுவில் ஒரு கணு மட்டும் வெளியே தள்ளிக்கொண்டிருப்பதை என் மகள் கையால் உணர்ந்தாள். அதன் பிறகுதான் எம்.ஆர்.ஐ. எடுக்கப்பட்டது. ஊசி வழியே திசுவை எடுத்துப் பரிசோதித்து முதுகெலும்புக் காசநோய் என்று உறுதிசெய்தார்கள். அவருக்கு இருமல் ஒரு நாளும் இருந்ததில்லை. நுரையீரல் படமும் தெளிவாக இருந்தது. 1779ஆம் ஆண்டிலேயே பெர்சிவல் பாட் என்ற இங்கிலாந்து அறுவை மருத்துவர் விவரித்து எழுதிய நோய் இது. நம் நாட்டில் இன்றும் அரிதானதன்று. அரசின் காசநோய்த் திட்டத்தில் மருந்து முழுவதும் இலவசமாகக் கிடைத்தது. 12 மாதம் ஒரு நாள்கூட விடாமல் உண்டார். இப்போது நலமாக இருக்கிறார். இன்னும் இரண்டு மாதம் தள்ளிப்போயிருந்தால் கால்கள் செயலிழந்திருக்கக்கூடும் என்று மருத்துவர் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை.

ஒரு வேண்டுகோள். எந்தத் தைலம் நல்லது, எந்த மாத்திரை நல்லது என்ற பேச்சு இங்கே வேண்டாம். வலி எந்த நேரத்தில் வந்தது, எதனால் கூடியது, எதனால் தணிந்தது, கூடவே உடம்பில் வேறு என்ன மாறியது, கடைசியில் அது என்னவாக இருந்தது என்பதை மட்டும் எழுதுங்கள்.

இளம்பிள்ளைத் தறிக்காரர்:

ஐயா, அம்மா நலமடைந்தது குறித்து மகிழ்ச்சி. நான் விசைத்தறி ஓட்டுபவன், வயது 44. எங்கள் ஊரில் குறுக்கு வலி இல்லாத தறிக்காரரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நான்கு தறிகளுக்கு நடுவே 12 மணி நேரம் நின்றும் நடந்தும், அறுந்த இழையைக் குனிந்து பிணைத்தும், பாவு உருளையை இருவராகத் தூக்கி ஏற்றியும் வேலை செய்தால் இடுப்பு வலிக்காமல் என்ன செய்யும்? ஞாயிற்றுக்கிழமை தறி நின்றால் வலியும் நிற்கிறது. இதையும் நோய் என்று எண்ணி அஞ்ச வேண்டுமா? இப்படிப் பட்டியலிட்டால், சாதாரண வலி உள்ளவர்கள் எல்லாம் தங்களுக்குக் காசநோயோ கட்டியோ என்று உறக்கம் கெடுவார்கள் என்பது என் கவலை.

கோரிமேடு பிசியோ:

இருவருக்கும் வணக்கம். நான் இயன்முறை மருத்துவத்தில் 19 ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். தறிக்கார அண்ணனின் கவலை நியாயமானது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இடுப்புவலியோடு வருபவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குக் குறிப்பிட்ட நோய் என்று எதுவும் இருப்பதில்லை. தசை, தசைநார், முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள ஜவ்வு, பின்புறச் சிறுமூட்டுகள் ஆகியவற்றில் ஏதோ ஒன்று களைத்தோ சுளுக்கியோ வலிக்கிறது. இந்த வலிக்கென்று ஒரு நடத்தை உண்டு. அது அசைவுக்குக் கட்டுப்பட்டது: ஒரு பக்கம் திரும்பினால் கூடும், வேறு விதமாகப் படுத்தால் குறையும். விலாவுக்குக் கீழிருந்து புட்டம் வரை பரவலாக வலிக்கும். தொடையில் இறங்கினாலும் பெரும்பாலும் முழங்காலைத் தாண்டாது. காய்ச்சல் இராது, எடை குறையாது, கால் மரக்காது. எதையோ தூக்கிய அன்றோ மறுநாள் காலையிலோ தொடங்கி, ஆறு வாரத்துக்குள் பெரும்பாலும் தணிந்துவிடும். முற்றிலும் படுத்துக் கிடப்பதைவிட, தாங்குகிற அளவுக்கு நடமாடிக்கொண்டிருந்தால் விரைவில் தணியும்.

இதற்குள்ளேயும் சாயல் வேறுபாடுகள் உண்டு. உட்கார்ந்தால், குனிந்தால், பேருந்தில் குலுங்கினால் கூடுகிற வலி ஜவ்வைச் சார்ந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். நெடுநேரம் நின்றாலும் பின்னோக்கி வளைந்தாலும் கூடி, உட்கார்ந்தால் குறைகிற வலி பின்புறச் சிறுமூட்டுகளைச் சார்ந்ததாக இருக்கலாம். ஆனால் இவை உறுதியான எல்லைக் கோடுகள் அல்ல. எந்த அசைவில் கூடுகிறது என்று தெரிந்தால் எந்தப் பயிற்சி பொருந்தும் என்று சொல்வது எளிதாகும், அவ்வளவே.

நரம்பு அழுத்தம் வேறு இனம். இடுப்பில் நரம்பு அழுந்திக் காலில் இறங்கும் வலிக்குரிய சயாட்டிகா என்ற சொல்லை இன்று எல்லா இடுப்புவலிக்கும் வைத்துவிடுகிறார்கள். அது சரியன்று. என்னிடம் வருபவரிடம், வலி போகும் பாதையை ஒரே விரலால் வரைந்து காட்டச் சொல்வேன். கையை அகல விரித்து இடுப்பைத் தடவிக் காட்டினால் பெரும்பாலும் தசைவலி. ஒரு விரலால் புட்டத்தில் தொடங்கித் தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரை கோடு போட்டால் நரம்பு. இருமும்போதும் தும்மும்போதும் அந்தக் கோடு மின்சாரம் பாய்ந்ததுபோல் சுண்டும். பலருக்கு இடுப்பைவிடக் காலில்தான் வலி அதிகமாக இருக்கும். இடுப்பிலுள்ள ஐந்து முள்ளெலும்புகளில் கடைசி இரண்டு இடைவெளிகளில்தான் ஜவ்வு மிகுதியாகப் பிதுங்குகிறது. ஐந்தாம் இடுப்பு நரம்பு அழுந்தினால் கெண்டைக்காலின் வெளிப்புறத்திலும், புறங்காலிலும், பெருவிரலிலும் மரமரப்பு வரும். இடுப்புக்குக் கீழே உள்ள திருவெலும்பின் முதல் நரம்பானால் பாதத்தின் வெளி விளிம்பிலும் சுண்டுவிரலிலும் வரும். இரண்டு பாதங்களும் ஒன்றுபோல, காலுறை அணிந்த அளவுக்கு மரத்திருந்தால் நான் இடுப்பைத் தேடுவதற்கு முன் சர்க்கரை அளவைக் கேட்பேன்.

வீட்டிலேயே பார்க்கத்தக்க ஒன்று உண்டு. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலால் மட்டும் பத்து அடி நடந்து பாருங்கள். பிறகு முன்பாதத்தால் மட்டும் நடந்து பாருங்கள். முதல் நடையில் ஒரு பாதம் தொங்கிவிட்டால் ஐந்தாம் இடுப்பு நரம்பும், இரண்டாவதில் ஒரு குதிகால் எழ மறுத்தால் முதல் திருவெலும்பு நரம்பும் பலமிழந்திருக்கலாம். வலியைவிடப் பலவீனம் முக்கியமானது. வலி குறைந்துகொண்டே பாதம் பலமிழந்தால் அது குணமாவதன் அடையாளம் அன்று.

நாகலூர்க் காப்பித்தோட்டம்:

எங்கள் தந்தையைப் பற்றி எழுதுகிறேன். வயது 68. தோட்டத்தில் மேற்பார்வையாளராக இருந்தவர். மிளகுக் கொடிக்கு ஒற்றைக்கால் மூங்கில் ஏணியில் ஏறி இறங்கிய உடம்பு. மூன்றாண்டுகளுக்கு முன்பு, சிறிது தூரம் நடந்தாலே இரண்டு தொடைகளும் கனத்து, கால்கள் பின்னிக்கொள்வதாகச் சொல்லத் தொடங்கினார். ஒரு கல்லில் உட்கார்ந்து முழங்காலில் கையூன்றிக் குனிந்தால் ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும்; மறுபடியும் நடப்பார். எங்களுக்கு விளங்காதது இதுதான்: மேட்டில் ஏறும்போது அவர் நன்றாக ஏறினார்; பள்ளத்தில் இறங்கும்போதுதான் தவித்தார். மூச்சு வாங்குகிற வயதில் ஏற்றமல்லவா கடினமாக இருக்க வேண்டும்? வீட்டில் சிலர் அவர் சாக்குச் சொல்கிறார் என்றுகூடப் பேசினார்கள். அதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

சேலத்தில் ஒரு மருத்துவர் இந்த ஏற்ற இறக்க வேறுபாட்டைக் கேட்டவுடன், தண்டுவடம் செல்லும் குழாய் இடுப்பில் சுருங்கியிருக்கலாம் என்றார். படமும் அதையே காட்டியது. முதுகு நிமிரும்போது அந்தக் குழாய் மேலும் குறுகும், குனியும்போது சற்று விரியும் என்றும், இறக்கத்தில் நாம் அறியாமலே முதுகைப் பின்னுக்குச் சாய்க்கிறோம், ஏற்றத்தில் முன்னுக்குச் சாய்கிறோம் என்றும் அவர் விளக்கினார். மலையில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு இது ஒரு நொடியில் புரிந்துவிட்டது. தந்தை சைக்கிளில் எவ்வளவு தூரமானாலும் செல்வார். நின்றபடி பேசினால்தான் முடியாது.

கோரிமேடு பிசியோ:

அக்கா எழுதியது பாடமாக வைக்கத்தக்கது. இதற்கு நேர்மாறான ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது கெண்டைக்கால் பிசைந்து வலித்து, உட்காராமல் வெறுமனே நின்றாலே இரண்டு மூன்று நிமிடத்தில் தணிந்தால், ஏற்றத்தில் கூடினால், காலில் ரத்த ஓட்டம் குறைந்திருப்பதற்கு வாய்ப்பு மிகுதி. பீடி, சிகரெட் பழக்கமும் சர்க்கரை நோயும் உள்ளவர்களிடம் இதைப் பார்க்கிறோம். பாதத்தில் நாடித்துடிப்பைத் தொட்டுப் பார்த்தாலே மருத்துவருக்குப் பாதி விடை கிடைத்துவிடும். மலைப்பகுதியினர் "ஏறும்போதா, இறங்கும்போதா, நின்றால் போதுமா, உட்கார வேண்டுமா" என்ற நான்கையும் சொன்னால் மருத்துவரின் வேலை வெகுவாக எளிதாகும்.

சிவதாபுரம் கொலுசுப் பட்டறை:

எனக்கு 27 வயது. வெள்ளிக் கொலுசுக்குப் பற்றவைக்கும் வேலை. தரையில் சப்பணமிட்டு, குனிந்தபடி பத்து மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். ஒன்றரை ஆண்டாகக் கீழ் இடுப்பில் வலி. உட்கார்ந்த வேலையால்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். ஆனால் ஆசிரியர் ஐயா நேரத்தைக் கேட்டிருப்பதால் யோசித்துப் பார்த்தேன். எனக்கு வலி அதிகமாக இருப்பது விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு. விழித்துவிடுவேன், எழுந்து நடந்தால்தான் மீண்டும் படுக்க முடியும். காலையில் பல் துலக்கக் குனிய முடியாத அளவுக்கு இடுப்பு கட்டையாக இருக்கும். ஒரு மணி நேரமாவது ஆகும் இளக. பட்டறைக்குப் போய் வேலை சூடுபிடித்த பிறகு வலி மறந்தே போகிறது. விடுமுறையில் வீட்டில் படுத்திருந்தால் அன்று மிக மோசம். சில மாதம் வலப்புட்டத்திலும் சில மாதம் இடப்புட்டத்திலும் மாறி மாறி வலிக்கிறது. தறிக்கார அண்ணனுக்கு ஞாயிறு நல்ல நாள். எனக்கு அதுதான் கெட்ட நாள். இது ஏன்?

கோரிமேடு பிசியோ:

தம்பி, உங்கள் கடைசி இரண்டு வாக்கியங்களையும் இரண்டு முறை படித்தேன். ஓய்வில் கூடி, அசைவில் குறைகிற வலி, உழைப்பால் வருகிற வலியின் இயல்பு அன்று. அழற்சியால் வருகிற வலியின் இயல்பு அது. 45 வயதுக்கு முன் மெல்லத் தொடங்கி, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து, இரவின் பிற்பாதியில் எழுப்பி, காலையில் அரை மணிக்கு மேல் இறுக்கம் தந்து, நடந்தால் இளகுகிற இடுப்புவலி என்றால் அங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் என்ற மூட்டழற்சி நோயைச் சோதிக்காமல் விடக்கூடாது. மூன்று கேள்விகள் கேட்கிறேன். எப்போதாவது ஒரு கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் பார்க்கக் கூசியிருக்கிறதா? குதிகாலின் பின்புறம் வலிக்கிறதா? குடும்பத்தில் யாருக்காவது முதுகு வளையாமல் இறுகிப் போயிருக்கிறதா?

சிவதாபுரம் கொலுசுப் பட்டறை:

கண் இரண்டு முறை அப்படி ஆனது. பற்றவைக்கும் தீயின் வெக்கை என்று எண்ணிச் சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டேன். என் தாய்மாமனுக்குக் கழுத்தைத் திருப்ப முடியாது. யாராவது கூப்பிட்டால் உடம்போடு திரும்புவார். அவரை ஊரில் அப்படியே பார்த்துப் பழகிவிட்டதால் யாரும் அதை நோய் என்று நினைத்ததில்லை.

கோரிமேடு பிசியோ:

அப்படியானால் தள்ளிப்போட வேண்டாம். மூட்டுவாத நோய் மருத்துவரைப் பாருங்கள். கண் சிவந்ததையும் மாமாவின் கழுத்தையும் தவறாமல் சொல்லுங்கள். தொடக்க ஆண்டுகளில் எக்ஸ்ரே சரியாகவே தெரியக்கூடும் என்பதால், "படத்தில் ஒன்றுமில்லை" என்ற ஒரு சொல்லோடு திரும்பிவிடாதீர்கள். இடுப்பின் பின்புறத் திருவெலும்பு மூட்டுகளை எம்.ஆர்.ஐ.யில் பார்த்தால் அழற்சி முன்னதாகவே தெரியும். எச்.எல்.ஏ. பி27 என்ற மரபணுக் கூறு இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனையும் உதவும். ஆனால் அது இருப்பவர்கள் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. இனி கண் சிவந்தால் சொட்டு மருந்துக் கடைக்குப் போகாமல் கண் மருத்துவரிடம் அன்றே செல்லுங்கள். இந்நோய் பெண்களுக்கும் வரும். வீட்டுவேலைக் களைப்பு என்று அவர்களை ஒதுக்கிவிடுவதால் இன்னும் தாமதமாகவே தெரியவருகிறது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

அம்மாபேட்டை மகள்:

என் தாயாருக்கு 71 வயது. ஆஸ்துமாவுக்காகப் பல ஆண்டுகள் ஸ்டீராய்டு மாத்திரை உண்டவர். ஒரு நாள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்கும்போது முதுகில் "சுள்" என்று ஒன்று உடைந்ததுபோல் இருந்தது என்றார். பிடிப்பு என்று எண்ணி, இரட்டைப் பிள்ளை பெற்ற ஒருவரை அழைத்து வந்து நீவச் செய்தோம். அந்த வழக்கம் எங்கள் தெருவில் இன்றும் இருக்கிறது. நீவிய பிறகு அவரால் எழவே முடியவில்லை. எக்ஸ்ரேயில் நடுமுதுகும் இடுப்பும் சேரும் இடத்தில் ஒரு முள்ளெலும்பு முன்பக்கமாக நசுங்கியிருந்தது. நீவியவரைக் குறை சொல்வதில் பயனில்லை. அழைத்து வந்தவர்கள் நாங்கள்தான்.

பின்னர் யோசித்தபோது, ஓராண்டாகவே அடையாளங்கள் இருந்தது புரிந்தது. அவர் புடவை தரையில் இழுபடத் தொடங்கியிருந்தது. இடுப்பில் இன்னும் ஒரு மடிப்பு செருகிக்கொண்டார். சாமி அறையின் மேல்தட்டிலிருந்து விளக்கை எடுக்க என்னைக் கூப்பிட ஆரம்பித்தார். உயரம் குறைந்திருக்கிறது, நாங்கள் கவனிக்கவில்லை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கும், ஸ்டீராய்டு உண்பவர்களுக்கும் எலும்பு பஞ்சுபோல் ஆகிவிட்டால், விழ வேண்டிய அவசியம்கூட இல்லை, தும்மினாலேகூட நசுங்கும் என்று மருத்துவர் சொன்னார். முதியவர்களுக்குத் திடீரென முதுகில் வலி வந்தால் எலும்பைப் பார்க்கும் வரை யாரையும் அழுத்தவோ மிதிக்கவோ விடாதீர்கள்.

ஜங்ஷன் வாசகர்:

எல்லாவற்றையும் படித்தேன். இவ்வளவு நுணுக்கம் சாதாரண மனிதருக்கு எப்படித் தெரியும்? வலி வந்த முதல் வாரமே எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டால் காசநோய், கட்டி, ஜவ்வு எல்லாம் ஒரே நாளில் தெரிந்துவிடுமே. ஆசிரியர் ஐயா வீட்டிலும் அதைச் செய்திருந்தால் ஏழு மாதம் வீணாகியிருக்காது.

கோரிமேடு பிசியோ:

நான் உடன்படவில்லை. செலவு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் வேறு. வலியே இல்லாதவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் திரட்டி 2015இல் ஒரு தொகுப்பாய்வு வெளிவந்தது. மொத்தம் 3,110 பேர். 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும், 80 வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் ஜவ்வு தேய்மானம் இருந்தது. ஜவ்வுப் புடைப்பு 20 வயதினரிலேயே 30 விழுக்காடு. இவர்கள் எல்லோரும் வலியில்லாமல் நடமாடிக்கொண்டிருந்தவர்கள். ஆகவே "நான்காம், ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையே ஜவ்வு விலகியிருக்கிறது" என்ற அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, மண்வெட்டி பிடிப்பதையும் குழந்தையைத் தூக்குவதையும் விட்டுவிட்டு, அஞ்சி அஞ்சித் தசை மெலிந்தவர்களை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். அவர்களுக்கு வலியைவிட அந்தத் தாள் அதிகக் கெடுதல் செய்திருக்கிறது. கேள்வி இல்லாமல் எடுக்கும் படம் தவறான விடையைத் தரும்.

அடிவாரத்து ஆசிரியர்:

பிசியோ அவர்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் ஒரு திருத்தத்தோடு. எங்களுக்குப் படம் தாமதமானது, படம் எடுக்கும் கொள்கையால் அன்று. படம் கேட்கவேண்டிய அடையாளங்களை நாங்கள் சொல்லாததாலும், மருத்துவமனையில் யாரும் கேட்காததாலும் ஆனது. நோயாளியின் பொறுப்பு என்று மட்டும் சொல்லிவிட்டால் அது நீதியாகாது. கூட்டம் மிகுந்த வெளிநோயாளிப் பிரிவில் ஒருவருக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் மாலைக் காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா, இரவில் படுத்தால் தணிகிறதா என்ற மூன்று கேள்விகளையாவது கேட்கவேண்டும். கேட்காவிட்டால் நாமே முந்திச் சொல்லவேண்டும். ஆகவே ஜங்ஷன் வாசகருக்கு என் விடை இது: முதல் வாரமே எல்லோருக்கும் படம் வேண்டாம், ஆனால் காய்ச்சலும், எடைக்குறைவும், இரவில் ஓயாத வலியும் கூடியிருந்தால் ஆறு வாரம் பொறுக்கவும் வேண்டாம். முன்பு மார்பகம், புராஸ்டேட், நுரையீரல் போன்ற இடங்களில் புற்றுநோய் வந்து சிகிச்சை பெற்றவர்களுக்குப் புதிதாக முதுகுவலி வந்தாலும் அப்படியே.

ஓய்வுபெற்ற செவிலி:

பிள்ளைகளே, நான் 34 ஆண்டுகள் வார்டுகளில் இருந்தவள். முதுகில் வலித்தாலும் முதுகைச் சேராத சில வலிகளைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

இந்த வெயில் ஊரில் சிறுநீரகக் கல் மிகுதியாகப் பார்த்திருக்கிறேன். முதுகுத்தசை பிடித்தவர் அசையாமல் படுத்திருப்பார். அசைந்தால் வலிக்கும் என்று அஞ்சுவார். கல் வலி வந்தவர் ஓரிடத்தில் இருக்கமாட்டார். எழுவார், உட்காருவார், தரையில் புரளுவார், எப்படி இருந்தாலும் தணியாது. விலாவுக்குக் கீழே ஒரு பக்கத்தில் தொடங்கி அடிவயிற்றுக்கும் தொடைச் சந்துக்கும் இறங்கும், அலை அலையாக வரும், வாந்தி வரும், சிறுநீர் சிவக்கும். இதோடு குளிர்காய்ச்சலும் சேர்ந்தால் அன்றிரவே மருத்துவமனைக்குப் போகவேண்டும். விடியட்டும் என்று இருக்கக்கூடாது.

ஒரு பக்கத்து முதுகில் மட்டும், நெருப்பை வைத்துத் தேய்ப்பதுபோல், பட்டையாக எரிச்சல் எடுத்து, ஆடை பட்டாலே தாங்காமல், சில நாளில் கொப்புளம் எழும்பினால் அது அக்கி. அக்கி எழுதுபவரிடம் போய்க் காவி பூசிக்கொள்ளும் வழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது. நம்பிக்கையைப் பழிக்க எனக்கு மனமில்லை. ஆனால் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மருந்து தொடங்கினால்தான் முழுப்பயன். காவி காய்வதற்குள் அந்த நேரம் போய்விடுகிறது.

தோள்பட்டைகளுக்கு நடுவே திடீரென்று அழுத்தி, வியர்த்து, மூச்சுத் திணறினால் வாயு என்று சோடா குடிக்காதீர்கள். மாரடைப்பு சிலருக்கு, சிறப்பாகப் பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும், முதுகுவலியாகவும் வரும். கிழிப்பதுபோல் ஒரே நொடியில் உச்சத்துக்குப் போகும் முதுகுவலி, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு வந்தால் பெருந்தமனி கிழிந்திருக்கலாம். இரண்டுக்கும் உடனே 108.

இளம்பெண்களிடம் ஒரு சொல். வெள்ளைப்படுவதால் எலும்பு உருகி முதுகு வலிக்கிறது என்று அம்மாக்கள் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். எலும்பு அப்படி உருகி வருவதில்லை. வலி மாதவிடாயோடு சேர்ந்து மாதந்தோறும் வந்து போகிறதா என்று நாட்காட்டியில் குறித்துப் பாருங்கள். அப்படியானால் மகளிர் மருத்துவரிடம் அதைக் காட்டுங்கள்.

கடைசியாக, என் மனத்தை விட்டு நீங்காத ஒருவர். சங்ககிரிப் பக்கத்து லாரி ஓட்டுநர். நாற்பது வயதுக்குள் இருக்கும். பல மாதமாக இடுப்புவலியும் ஒரு காலில் இழுப்பும் இருந்தது. ஒரு நாள் இழுப்பு இரண்டு கால்களுக்கும் வந்தது. அடுத்து, இருக்கையில் உட்காரும் இடம், பிறப்புறுப்பு, ஆசனவாய்ச் சுற்று எல்லாம் மரத்துப்போயின. சிறுநீர் வரவில்லை. வண்டிச் சூடு, நீர்க்கடுப்பு என்று இரண்டு நாள் இளநீரும் பார்லித் தண்ணீரும் குடித்திருக்கிறார். தண்டுவடம் இடுப்பின் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே நரம்புகள் குதிரைவால்போல் கொத்தாகத் தொங்கும். அந்தக் கொத்து முழுவதும் ஜவ்வால் நசுங்கியிருந்தது. அறுவை செய்தார்கள், நடந்தார், ஆனால் சிறுநீருக்குக் குழாய் நிலைத்துவிட்டது. இது மணிக்கணக்கில் பார்க்கவேண்டிய நோய். கூச்சப்பட்டுச் சொல்லாமல் விடுகிற இடம் என்பதால் தாமதம் இன்னும் கூடுகிறது. கழுவும்போது கை பட்டது தெரிகிறதா என்று முதுகுவலிக்காரரிடம் வீட்டார் தயங்காமல் கேட்கவேண்டும்.

நாகலூர்க் காப்பித்தோட்டம்:

அம்மா, ஒரு கேள்வி. மலையிலிருந்து இரவில் ஒருவரை இறக்குவது எளிதன்று. 20 கொண்டை ஊசி வளைவுகள், பனி இறங்கினால் வண்டியே தெரியாது. எதற்கு விடியும் வரை காத்திருக்கலாம், எதற்குக் கூடாது என்று எங்களுக்குத் தெளிவாகத் தெரியவேண்டும்.

ஓய்வுபெற்ற செவிலி:

சிறுநீர் அடைத்தாலோ, மலம் அறியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, இரு கால்களும் தள்ளாடினாலோ, மார்பிலும் முதுகிலும் வலித்து வியர்த்தாலோ, குளிர்காய்ச்சலோடு முதுகு வலித்தாலோ, விழுந்தபின் கால் அசையாவிட்டாலோ பனியைப் பார்க்காதீர்கள், 108ஐ அழைத்துவிடுங்கள். விழுந்தவரை உட்காரவைத்துக் கூட்டி வராமல் பலகையிலோ கட்டிலிலோ நேராகக் கிடத்தித்தான் இறக்கவேண்டும். ஒரு கால் மட்டும் வலித்து, பலம் குறையாமல், நீர் ஒழுங்காகப் போனால் விடியும் வரை பொறுக்கலாம்.

இளம்பிள்ளைத் தறிக்காரர்:

நேற்று இரவு பணி முடிந்து வந்தபின், பிசியோ அவர்கள் சொன்ன குதிகால் நடையை நடந்து பார்த்தேன். என் வலி சாதாரணமானது என்று நிறுவத்தான் நடந்தேன். இடப்பாதம் நின்றது. வலப்பாதத்தின் முன்பகுதியைத் தூக்கிப்பிடிக்க முடியவில்லை. மூன்றாவது அடியிலேயே தரையில் தட்டிவிட்டது. மனைவியைப் பார்க்கச் சொல்லி மறுபடியும் நடந்தேன், அதேதான். இரண்டு மாதமாக வலது செருப்பு மட்டும் கழன்று கழன்று விழுந்துகொண்டிருந்தது. வார் தளர்ந்துவிட்டது என்று எண்ணிப் புதுச் செருப்பு வாங்கினேன். அதுவும் கழன்றது. ஞாயிற்றுக்கிழமை இடுப்புவலி நிற்கிறது என்பது உண்மை. ஆனால் வலப்பெருவிரலின் மரமரப்பு ஞாயிற்றுக்கிழமையும் நிற்பதில்லை என்பதை இப்போதுதான் எண்ணிப் பார்க்கிறேன்.

கோரிமேடு பிசியோ:

அண்ணா, நாளைக்கே எலும்பு மருத்துவரையோ நரம்பியல் மருத்துவரையோ பாருங்கள். பாதம் பலமிழந்திருக்கும்போது வாரக்கணக்கில் தள்ளக்கூடாது, உங்களுக்கு எம்.ஆர்.ஐ. இப்போது தேவை. உள்ளே போனதும் இடுப்புவலி என்று தொடங்காதீர்கள். "வலப்பாதம் தொங்குகிறது, இரண்டு மாதமாகச் செருப்பு கழல்கிறது, பெருவிரல் மரத்திருக்கிறது" என்று முதலில் சொல்லுங்கள். வலியைப் பிறகு சொல்லுங்கள். அதுவரை பாவு உருளையைத் தொடவேண்டாம். நீர் போவதில் ஏதேனும் மாறுதல் தெரிந்தால் நாளை வரை காத்திராமல் இன்றே செல்லுங்கள்.

இளம்பிள்ளைத் தறிக்காரர்:

நீர் ஒழுங்காகப் போகிறது. நாளைத் தறியைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, காலை ஏழு மணிப் பேருந்தில் சேலம் அரசு மருத்துவமனைக்குப் புறப்படுகிறேன். நீங்கள் சொன்ன மூன்று வாக்கியங்களையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.